அனைவருக்குமான சமூகம்: நிர்வாகத்தின் அன்றாட முடிவுகள் செய்கிற வேலை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்துக்கு டான் ரிவர் என்ற இடத்தில் ஓர் அனல்மின் நிலையம் இருந்தது. 1960களின் நடுவில் அங்கே 95 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். நிலையத்தில் கூலி வேலை, நிலக்கரி கையாளுதல், இயக்கம், பராமரிப்பு, பரிசோதனைக்கூடம் என்று ஐந்து பிரிவுகள். கறுப்பினத்தவரைப் பல ஆண்டுகளாகக் கூலி வேலைப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் அதிகச் சம்பளம் வாங்கியவரை விட, மற்ற நான்கு பிரிவுகளில் மிகக் குறைவாக வாங்கியவருக்குக் கூடுதலாகவே கிடைத்தது.

வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டப் பிரிவு 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் ஒரு புது விதியைக் கொண்டுவந்தது. கூலி வேலை தவிர மற்ற பிரிவுகளில் புதிதாகச் சேர வேண்டுமென்றால் பள்ளிப்படிப்பை முடித்திருப்பதோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும். அந்த விதியில் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான். ஆனால் 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் வெள்ளை ஆண்களில் 34 சதவீதம், கறுப்பின ஆண்களில் 12 சதவீதம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. படிப்புத் தகுதி என்ற விதி வருவதற்கு முன்பே சேர்ந்துவிட்ட வெள்ளை ஊழியர்கள் பலர் பள்ளியை முடிக்காதவர்கள். அவர்கள் அதே பிரிவுகளில் நன்றாகவே வேலை செய்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். அப்படியென்றால் அந்தச் சான்றிதழுக்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்?

13 ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் வேண்டுமென்றே செய்யவில்லை என்றே கீழ் நீதிமன்றங்கள் கருதின. படிப்பை முடிக்க விரும்பிய ஊழியர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறுவனமே கொடுத்துவந்தது என்பதும் உண்மை. ஆனால் 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஊழியர்கள் பக்கம் நின்றது. நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது, வேலைக்குத் தொடர்பில்லாத ஓர் அளவுகோல் ஒரு சாராரை வெளியே நிறுத்துகிறது என்றால் அதைத் தொடர முடியாது என்பதுதான் தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம்.

உள்ளடக்கிய சமூகம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வழக்குதான். சட்டம் மாறியது, நிறுவனம் வேண்டுமென்றே செய்ததாகக் கீழ் நீதிமன்றங்களும் கருதவில்லை, இருந்தாலும் கதவு மூடியபடியே இருந்தது. அதை மூடி வைத்திருந்தது ஆட்களை எப்படிப் பிரிப்பது, எதைத் தகுதி என்று வைப்பது என்ற சாதாரண நிர்வாக முடிவு. ஒரு சமூகம் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறதா என்பதில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட முடிவுகளில்தான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து. தேர்தல் மேடையிலோ ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலோ அல்ல.

நிர்வாகப் பண்பாடு என்று எதைச் சொல்கிறோம்? சுவரில் மாட்டியிருக்கும் கொள்கை வாசகத்தை இல்லை. நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் இதற்கு நல்ல அடையாளங்களைக் காட்டினார். தலைவர் எதைக் கவனிக்கிறார், எதைக் கணக்கெடுக்கிறார்? நெருக்கடி வந்தால் எப்படி நடந்துகொள்கிறார்? யாருக்குப் பதவி உயர்வு தருகிறார், யாரை வெளியே அனுப்புகிறார்? ஊழியர்கள் படிப்பது இவற்றைத்தான். சக ஊழியரைக் கேவலமாகப் பேசிய ஒருவர் விற்பனை இலக்கை எட்டிவிட்டார் என்பதற்காக அடுத்த மாதமே மேலாளர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்த நிறுவனம் எத்தனை மரியாதைப் பயிற்சி நடத்தினாலும் யார் நம்புவார்கள்?

சரி, ஒரு நிறுவனத்துக்குள் நடப்பது சமூகத்தை எப்படி மாற்றும்? இந்தக் கேள்விக்கு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த கருத்து இன்றும் உதவுகிறது. வெவ்வேறு பின்னணியைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பழகினால் முன்முடிவுகள் குறையும், ஆனால் சும்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் குறையாது என்றார் அவர். நான்கு நிபந்தனைகள் வைத்தார். பழகுகிற இடத்தில் இருவருக்கும் சம அந்தஸ்து இருக்க வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். அதை அடைய ஒத்துழைப்பு தேவைப்பட வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா ட்ரோப்பும் 2006இல் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழக்கம் பொதுவாகவே முன்முடிவைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் கூடி வந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று தெரிந்தது.

இப்போது வேலையிடத்தை இந்தக் கண்ணால் பாருங்கள். வளர்ந்த மனிதர்கள் தங்கள் தெரு, தங்கள் உறவு, தங்கள் வழிபாட்டு இடம் ஆகியவற்றைத் தாண்டி முன்பின் தெரியாதவர்களோடு நாள்முழுக்கச் சேர்ந்து இயங்குகிற இடம் வேறு எது? குடியிருப்பை நாமே தேர்ந்தெடுக்கிறோம், நண்பர்களையும் அப்படித்தான். பக்கத்து நாற்காலிக்காரரை மட்டும் வேறொருவர் தேர்ந்தெடுக்கிறார். பொது இலக்கும் ஒத்துழைப்பும் வேலையின் இயல்பிலேயே இருக்கின்றன. மீதி இரண்டும், அதாவது சம அந்தஸ்தும் மேலே இருப்பவரின் ஆதரவும், முழுக்க முழுக்க நிர்வாகத்தின் கையில். ஒரு சாரார் எப்போதும் உத்தரவிடவும் இன்னொரு சாரார் எப்போதும் கீழ்ப்படியவும் ஆன இடத்தில் எத்தனை வருடம் சேர்ந்திருந்தாலும் பழைய எண்ணம் மாறாது, இன்னும் கெட்டிப்படும். டான் ரிவரில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வளாகத்தில்தான் இருந்தார்கள்.

ஆள் எடுப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் வாசல் அங்கேதான். மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி ஒரு சோதனை செய்து 2004இல் வெளியிட்டார்கள். தகுதிகள் ஒத்த விண்ணப்பங்களில் சிலவற்றுக்கு வெள்ளையர் பெயர் போலத் தோன்றும் பெயர்களையும் சிலவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றும் பெயர்களையும் இட்டார்கள். முதல் வகைக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அந்த அலுவலகங்களில் விண்ணப்பத்தைப் புரட்டியவர்கள் எல்லோரும் வெறுப்பாளர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவசரத்தில், தெளிவான அளவுகோல் இல்லாமல், மனதுக்குப் பட்டதை வைத்து முடிவெடுத்தால் மனதில் ஏற்கெனவே இருப்பதுதான் வெளியே வரும். "நம்ம டீமுக்கு செட் ஆவாரா?" என்ற கேள்வி நேர்முகத் தேர்வுகளில் சர்வசாதாரணம். அதை நான் ஆபத்தான கேள்வி என்பேன். செட் ஆவது என்றால் பெரும்பாலும் நம்மைப் போலப் பேசுவது, நம்மைப் போலச் சிரிப்பது, நாம் படித்த மாதிரி இடத்தில் படித்திருப்பது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதிலுக்கு அப்போதே மதிப்பெண் போட்டுவிடுகிற நேர்முகத் தேர்வு கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அது நியாயமானது, வேலைக்கு யார் பொருத்தம் என்பதையும் நன்றாகக் காட்டுகிறது.

இந்தப் பிரச்சினை தெரிந்ததும் பெரிய நிறுவனங்கள் வழக்கமாக ஓடிப்போய்ச் செய்வது ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. அலெக்சாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகிய மூவரும் அமெரிக்காவில் 708 தனியார் நிறுவனங்களின் 1971 முதல் 2002 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியம். மேலாளர் பதவிகளில் பெண்கள், கறுப்பினத்தவர் ஆகியோரின் பங்கைக் கூட்டியது எது என்று பார்த்தார்கள். மேலாளர்களின் எண்ணத்தைத் திருத்த நினைக்கும் பயிற்சிகள்தான் பலன் தருவதில் கடைசியில் நின்றன. இதற்கென ஒருவரை அல்லது ஒரு குழுவைப் பொறுப்பாக்கி, கணக்குக் கேட்கும் ஏற்பாடு செய்த இடங்களில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அப்படிப் பொறுப்பு வரையறுக்கப்பட்ட இடங்களில் பயிற்சிகூட முன்பைவிட நன்றாகப் பலித்தது. எல்லோருடைய பொறுப்பு என்று சொல்லும்போது அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உச்சியில் ஆட்களை மாற்றினால் கீழே தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. நார்வே 2003இல் சட்டம் போட்டுப் பங்குச்சந்தை வகை நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் பெண்களுக்குக் குறைந்தது 40 சதவீதம் என்று வைத்தது. 2008க்குள் அது நிறைவேறியும் விட்டது. நல்ல சட்டம், அது வந்திருக்கவே வேண்டும். ஆனால் அந்த நிறுவனங்களில் கீழ்நிலைகளில் இருந்த பெண்களின் சம்பளத்திலோ முன்னேற்றத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் அதன் பிறகு ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களால் காண முடியவில்லை. இயக்குநர் குழு ஆண்டுக்குச் சில முறை கூடுகிறது. யாருக்கு அடுத்த ப்ராஜெக்ட், யார் விடுப்பில் போனால் முகம் சுளிப்பது, யாருடைய யோசனையைக் கூட்டத்தில் கவனிப்பது என்பதெல்லாம் நடு அடுக்கு மேலாளர்களிடம் தினமும் நடக்கிறது. உச்சிக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இவர்களைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

வேலையை அமைத்திருக்கும் விதமே எப்படிச் சிலரை உள்ளே விடுகிறது, சிலரை வெளியே தள்ளுகிறது என்பதற்கு, 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் தரும் மருந்தாளுநர் உதாரணத்தை விட நல்லது எனக்குத் தெரியாது. பல உயர்நிலை வேலைகளில் சம்பளம் நேரத்துக்கு ஏற்பச் சீராக ஏறுவதில்லை என்கிறார் அவர். வாரம் 60 மணி நேரம், எந்நேரமும் போனை எடுப்பவருக்கு, 30 மணி நேரம் உழைப்பவரைப் போல இரண்டு மடங்கு அல்ல, அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. குழந்தையோ முதியவரோ வீட்டில் இருக்கும்போது குடும்பத்தில் ஒருவர் எந்நேரமும் கிடைக்கும் ஆளாக இருக்க, இன்னொருவர் வீட்டுக்குக் கிடைக்கும் ஆளாகிறார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண். யாரும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடு என்று சொல்லாமலே சம்பள இடைவெளி வந்துவிடுகிறது.

அமெரிக்க மருந்தாளுநர் தொழிலில் கதை வேறு மாதிரி போனது. ஒரு காலத்தில் மருந்தாளுநர் என்றால் பெரும்பாலும் ஆண், சொந்தக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளரின் மருந்து விவரமெல்லாம் அவர் தலைக்குள். அவர் இல்லாவிட்டால் கடை இல்லை. பிறகு தொடர் கடைகளும் மருத்துவமனைகளும் பெருகின. மருந்துகள் தரப்படுத்தப்பட்டன. நோயாளியின் விவரம் கணினிக்குள் போனது. ஒரு மருந்தாளுநர் காலையில் விட்ட இடத்தில் இன்னொருவர் மாலையில் தொடர முடிந்தது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நிற்க முடிந்ததும், பகுதி நேரம் வேலை செய்பவரின் ஒரு மணி நேரச் சம்பளத்தில் விழுந்த வெட்டு கிட்டத்தட்ட மறைந்தது. ஆண் பெண் சம்பள இடைவெளி மிகக் குறைவாக உள்ள உயர்கல்வித் தொழில்களில் ஒன்றாக அது ஆனது. யாரையும் நல்லவராக்க யாரும் வகுப்பெடுக்கவில்லை. தகவல் ஒருவர் தலையில் பூட்டப்படாமல் எல்லோர் கைக்கும் எட்டும்படி வேலை மாற்றி அமைக்கப்பட்டது, அவ்வளவுதான். எல்லா வேலையையும் இப்படி மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் மாற்ற முடியாது என்று மேலாளர்கள் சொல்லும் வேலைகளில் நிறைய, மாற்றிப் பார்க்கப்படாத வேலைகள். "அவர் இல்லாமல் நடக்காது" என்று ஒருவரைப் பாராட்டுகிற நிர்வாகம், விடுப்பு எடுக்க வேண்டிய நிலையில் இருக்கிற எல்லோரையும் அதே மூச்சில் தண்டிக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. நியாயமான வசதி மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்றது. அதாவது, ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதும் குற்றத்தில் சேரும். நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று ஒரு வாராந்திரக் கூட்டத்தை வைத்துப் பார்க்கலாம். குழுவில் காது கேளாத ஒருவர் இருக்கிறார். கூட்டத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஒருவர் விளக்குகிறார், முக்கியமான முடிவு கூட்டம் முடிந்து வராந்தாவில் நடந்துபோகும்போது எடுக்கப்படுகிறது. அந்த ஊழியருக்கு வேலை கொடுத்தாயிற்று, மேசை கொடுத்தாயிற்று, ஆனால் அவர் குழுவில் இல்லை. இதையே மேலாளர் மாற்றினால்? என்ன பேசப் போகிறோம் என்பதை முதல் நாளே எழுதி அனுப்புவது, ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேசுவது, பேச்சு உடனுக்குடன் எழுத்தாக ஓடும் வசதியைப் போட்டுவிடுவது, வராந்தாவில் பேசியதை எழுதிப் போடும் வரை அதை முடிவாகக் கருதாமல் இருப்பது. செலவு என்று பார்த்தால் அநேகமாக ஒன்றுமில்லை. இதனால் வேற்றுமொழிக்காரருக்கும், கூச்ச சுபாவம் உள்ளவருக்கும், அன்று விடுப்பில் இருந்தவருக்கும் சேர்த்தே வழி திறக்கிறது. இந்த நான்கு பழக்கத்தையும் உத்தரவு போட்டுக் கொண்டுவர முடியாது. மேலாளர் தானே கடைப்பிடித்தால்தான் நடக்கும். அவர் வாயை மூடி மற்றவர் முடிக்கும் வரை காத்திருந்தால் எல்லோரும் காத்திருப்பார்கள்.

ஒரு குழுவில் தன் வகையைச் சேர்ந்தவர் தான் மட்டும்தான் என்றால் என்ன நடக்கும் என்பதை சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1970களிலேயே எழுதிவிட்டார். எல்லோர் கண்ணும் அவர் மேல் இருக்கும். அவர் தவறு செய்தால் அது அவருடைய தவறாகப் பார்க்கப்படாது, அவர் சார்ந்த கூட்டத்தின் தவறாகிவிடும். ஒருவரை எடுத்துவிட்டோம் என்று திருப்திப்பட்டு நிற்கும் நிறுவனங்கள் அந்த ஒருவர் மேல் எவ்வளவு பாரம் வைக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது புகார். எங்கள் நிறுவனத்தில் பாகுபாட்டுப் புகாரே இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றைப் பார்த்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் இருந்த குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் தவறு நேர்ந்தால் பயப்படாமல் வெளியே சொல்ல முடிந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். பாகுபாட்டுக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். புகார் பூஜ்யம் என்றால் பிரச்சினை பூஜ்யம் என்று பொருள் இல்லை, பேசினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றும் பொருள் இருக்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்ற 190ஆவது உடன்படிக்கை வேலையிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரானது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் பாதுகாப்பதையும் அது வலியுறுத்துகிறது. பழிவாங்கல் பெரும்பாலும் வேலை நீக்கமாக வருவதில்லை. நல்ல வேலை வேறொருவருக்குப் போகிறது, ஷிப்ட் மாறுகிறது, மதிய உணவு மேசையில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது, அப்ரைசலில் "ஒத்துழைப்பு குறைவு" என்று ஒரு வரி வருகிறது. புகார் கொடுத்த ஒருவர் ஒரு வருடம் கழித்து எந்த நிலையில் இருக்கிறார் என்று ஒவ்வொரு நிறுவனமும் திரும்பிப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் அந்த இடத்தின் உண்மை தெரியும்.

இதுவரை பேசியதெல்லாம் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர்களைப் பற்றி. என்னை அதிகம் உறுத்துவது பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள். சுத்தம் செய்பவர், காவலாளி, உணவகத்தில் பரிமாறுபவர், பொருள் ஏற்றி இறக்குபவர். இந்த வேலைகளில் பலவற்றை முன்பு அந்தந்த நிறுவனத்தின் ஊழியர்களே செய்தார்கள். டெபோரா கோல்ட்ஷ்மிட்டும் யோஹானஸ் ஷ்மீடரும் ஜெர்மனியில் இப்படி ஒப்பந்த நிறுவனங்களுக்கு மாற்றப்பட்ட வேலைகளை ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். அதே வேலை, ஆனால் சம்பளம் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. சம்பளம் ஒரு பக்கம். அடையாள அட்டை வேறு நிறம், நிறுவன விழாவுக்கு அழைப்பு இல்லை, பதவி உயர்வுக்கு ஏணியே இல்லை. ஆல்போர்ட் சொன்ன சம அந்தஸ்து இங்கே அமைப்பு ரீதியாகவே இல்லாமல் செய்யப்படுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் இந்த வேலைகளில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், அந்தச் சமூகம் யாரை ஓரத்தில் வைத்திருக்கிறதோ அவர்களாகவே இருப்பார்கள். புலம்பெயர்ந்தவர்கள், சிறுபான்மையினர், பெண்கள்.

கணக்கு எப்படித் திரிகிறது என்பதும் இங்கேதான் தெரியும். பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2017 முதல் ஆண் பெண் சம்பள இடைவெளியை வெளியிட வேண்டும். வரவேற்க வேண்டிய விதி. ஆனால் குறைந்த சம்பளம் வாங்கும் துப்புரவுப் பெண்கள் 50 பேரை ஒரு நிறுவனம் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டால், அடுத்த ஆண்டு அதன் சராசரி இடைவெளி குறைந்து தெரியும். அந்தப் பெண்களின் வாழ்க்கை மோசமாகியிருக்கும், அறிக்கை அழகாகியிருக்கும். அதனால் ஒரு நிறுவனத்தை மதிப்பிடும்போது, அதன் வாசலுக்குள் தினமும் உழைக்கிற அத்தனை பேரையும், சம்பளச் சீட்டு யார் பெயரில் வந்தாலும், ஒரே பட்டியலில் வைத்துக் கணக்குக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே குறைந்தபட்சச் சம்பளம், விடுப்பு, புகார் செய்யும் வழி மூன்றையும் தன் ஊழியருக்கு இருப்பது போலவே இருக்க வேண்டும் என்று நிபந்தனையாக எழுத எந்த நிறுவனத்துக்கும் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. சேவையை வாங்குவது நிறுவனம்தான், நிபந்தனை போடும் அதிகாரம் ஏற்கெனவே அதனிடம் இருக்கிறது.